அட்வென்ச்சர் பைக் பேட்டரி: சர்வீஸ் சென்டரா, பேட்டரிக் கடையா, வீட்டு வாசலா?

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். மீட்டர் எரிந்தது, பெட்ரோல் பம்ப் ஓடும் மெல்லிய சத்தமும் கேட்டது. செல்ஃப் பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். இன்னொரு தடவை அழுத்தினேன். மீட்டரும் அணைந்துபோனது.

என் வண்டி ராயல் என்ஃபீல்டின் 411 சிசி ஹிமாலயன், கரடுமுரடான பாதைக்கென்றே வரும் அட்வென்ச்சர் பைக். கிக்கர் கிடையாது. பழைய புல்லட்டாக இருந்தால் நாலு பேர் தள்ளிக் கிளப்பிவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் ஓடவும் இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் சின்ன கம்ப்யூட்டர், வேலை செய்யவும் பேட்டரியில் கொஞ்சமாவது சார்ஜ் இருந்தாக வேண்டும். மீட்டரே எரியாத வண்டியை, அதுவும் கிட்டத்தட்ட 200 கிலோவை, மணலில் தள்ளிப் பயனில்லை. மீன் ஏற்ற வந்திருந்த டாடா ஏஸ் ஓட்டுநர் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, பேட்டரியா?" என்று கேட்டபடி சீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு துண்டு ஒயரை எடுத்து வந்தார். அவர் வண்டி இன்ஜினை அணைத்து வைத்துக்கொண்டே பேட்டரிக்குப் பேட்டரி கொடுத்தார். ஹிமாலயன் கிளம்பியது. பொன்னேரி, மீஞ்சூர் வழியாக எங்கேயும் இன்ஜினை நிறுத்தாமல் சென்னை திருவொற்றியூரில் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த வாரம் முழுக்க யோசித்ததும் விசாரித்ததும்தான் இந்தக் கட்டுரை. எங்கள் மாடி வீட்டுத் தம்பிக்கும் போன வாரம் இதே கேள்வி வந்தது: "அண்ணா, எங்க மாத்துறது, எந்த பேட்டரி வாங்குறது?" இரண்டும் நல்ல கேள்விகள்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கெட்டுப்போனது பேட்டரிதானா?

வாங்குவதற்கு முன் அளப்பது

இதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நான் மெட்ரோவில் கவர்ன்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷனில் இறங்கி, நடந்தே போய் வாங்கி வந்தேன். வண்டி வைத்திருப்பவர் வாங்கும் முதல் கருவி ஸ்பேனராக இருந்தால், இரண்டாவது இதுவாக இருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

வண்டியை ஓர் இரவு ஓட்டாமல் நிறுத்தி வைத்து, காலையில் சாவி போடாமல் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மைனஸ்ஸிலும் மீட்டரை வையுங்கள். நல்ல, முழு சார்ஜ் உள்ள ஈய பேட்டரி 12.7, 12.8 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. என்னுடையது 12.1 காட்டியது. இது மட்டும் போதாது. சார்ஜ் இறங்கியதற்கு வேறு காரணம் இருக்கலாம். சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றி, மறுபடி ஓர் இரவு சும்மா விட்டு அளந்தேன். 12.3. ஏற்றியது நிற்கவில்லை. அப்புறம் மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். அந்த நொடியில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். என்னுடையது 8.4 வரை விழுந்தது.

வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டு, மூவாயிரம், நாலாயிரம் ஆர்பிஎம்மில் பேட்டரி வோல்ட் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. 13-க்குக் கீழே என்றாலோ, 15-ஐத் தாண்டினாலோ சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். அந்த நிலையில் புது பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். எனக்கு 14.2 வந்தது. அந்தக் கவலை இல்லை.

மாடி வீட்டுத் தம்பியின் வண்டியில் இதே அளவைச் செய்தோம். நிற்கும்போது 12.7. செல்ஃப் அடித்தால் பேட்டரியில் 11-க்கு மேலேயே நிற்கிறது, ஆனால் வண்டி மட்டும் செத்துப்போகிறது. மைனஸ் போல்ட்டைத் தொட்டால் விரலிலேயே ஆடியது. காலடிப்பேட்டை கடல் பக்கம்தான், உப்புக்காற்று வீட்டுக்குள்ளேயே வரும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து இறுக்கினோம். வண்டி முதல் தட்டிலேயே எடுத்தது. அவன் பேட்டரி வாங்கவே தேவைப்படவில்லை.

இன்னோர் அளவு இருக்கிறது. இதைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை, எனக்கு விஷயத்தையே புரியவைத்தது இதுதான். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்ப் நிலையில் வைத்து, அந்த ஒயருக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவில் மீட்டரைக் கோர்த்துப் பாருங்கள். தூங்கும் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும். (மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) கடிகாரத்துக்கும் இசியூவுக்கும் ஒன்றிரண்டு மில்லி ஆம்ப் போவது இயல்பு. எனக்கு 22 மில்லி ஆம்ப் காட்டியது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 மில்லி ஆம்ப் என்றால் ஒரு நாளைக்கு அரை ஆம்ப் அவருக்குக் கொஞ்சம் மேல். (ஒரு ஆம்ப் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப் அவர், பேட்டரியின் கொள்ளளவை இதில்தான் சொல்வார்கள்.) என் பேட்டரி 8 ஆம்ப் அவர். ஒரு வாரத்தில் பாதி காலி. நான் வேலைக்குப் போவது மெட்ரோவில். வண்டி ஞாயிறு மட்டும்தான் வெளியே வரும். ஒவ்வொரு வாரமும் பாதி இறங்குவதும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் அரைகுறையாக ஏறுவதுமாக இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. ஈய பேட்டரியை இறங்கிய நிலையிலேயே விட்டு வைத்தால் தகட்டின் மேல் சல்ஃபேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது. குடித்தது யார்? நானே பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்துப் பூட்டிய ஜிபிஎஸ் டிராக்கரும், ஹேண்டில்பாரில் இருக்கும் போன் சார்ஜரும்.

பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் இரண்டு வருடத்தில் இதே இடத்துக்கு வந்திருக்கும். எங்கே மாற்றுவது என்ற கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

யார் கையில் கொடுப்பது

கம்பெனி சர்வீஸ் சென்டரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் அங்கேதான் போக வேண்டும், அதில் இரண்டாம் கருத்து இல்லை. அவர்களிடம் ஸ்கேனர் இருக்கிறது. பேட்டரி இறங்கியதால் ஏபிஎஸ் விளக்கோ இன்ஜின் விளக்கோ எரிந்துகொண்டிருந்தால் வண்டியில் பதிவான பிழைக் கோடைப் படித்து அழிப்பார்கள். சரியான அளவு பேட்டரிதான் வரும். சிக்கல் வேறு. செத்த வண்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? மினி லாரியோ டோயிங்கோ சொன்னால் அந்தச் செலவு தனி. பத்து நிமிட வேலைக்கு வண்டி அரை நாளாவது அங்கே நிற்கும். நான் போய்க் கேட்ட இடத்தில், "இரண்டு வருஷம் ஆச்சுல்ல சார், மாத்திடலாம்" என்றார்கள். தூங்கும்போது வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பீர்களா என்றேன். அதைத் தனி கம்ப்ளெயின்ட்டாக எழுதிக் கொடுத்தால் பார்ப்போம் என்றார்கள். நியாயமான பதில்தான். நமக்கே சந்தேகம் இருந்தால்தான் கேட்போம், அளக்காமல் சந்தேகம் வராது.

அடுத்தது பேட்டரிக் கடை. டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) நெடுக, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கமெல்லாம் இவை உண்டு. துறைமுக லாரிகளும் ஆட்டோக்களும் இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. நல்ல கடைக்காரர், பாரம் கொடுத்து பேட்டரியின் பலத்தைப் பார்க்கும் லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்து, பேட்டரியில் உயிர் இருந்தால் "சார்ஜ் போட்டுத் தரேன், இப்போ மாத்தாதீங்க" என்று சொல்லியே அனுப்புவார். பழையதை வாங்கிக்கொண்டு விலையில் கழிப்பார். வாரண்டி கார்டில் சீல் வைத்துக் கொடுப்பார். போன் செய்தால் வீட்டுக்கே வந்து பூட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். நேரம் இல்லாதவருக்கும், ஸ்பேனர் பிடிக்க மனசு வராதவருக்கும் இது மிக நல்ல வழி. சர்வீஸ் சென்டரை விட இதைத்தான் முதலில் சொல்வேன்.

கடையில் இரண்டு விஷயத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, "இதுவே உட்காரும்" என்று கையில் இருப்பதைப் பூட்டுவது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். டெர்மினல் உங்களைப் பார்த்தபடி வைத்தால் பிளஸ் எந்தப் பக்கம் என்பதும் ஒத்துப்போக வேண்டும். பக்கம் மாறினால் ஒயர் எட்டாது. எட்டியே ஆகவேண்டும் என்று முறுக்கி இழுத்தால் உரசி, தேய்ந்து, ஒருநாள் ஷார்ட் ஆகும். இரண்டாவது, சில பேட்டரிகள் காலியாக வந்து கடையில்தான் ஆசிட் ஊற்றப்படும். ஊற்றியதும் அரை மணி நேரமாவது ஊற விட்டு, முதல் சார்ஜ் முழுதாகப் போட்டு, அப்புறம்தான் பூட்ட வேண்டும். கூட்டமான நேரத்தில் ஊற்றிய கையோடு பூட்டி அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த பேட்டரி தன் முழு பலத்தை ஒருபோதும் எட்டாது.

ஆன்லைனில் வாங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. விலை கொஞ்சம் குறைவாகத் தெரியும். பழைய பேட்டரிக்குக் கிடைக்கும் தொகையைக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த லாபம் போய்விடும். எந்த மாதம் தயாரித்தது என்று வந்த பிறகுதான் தெரியும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மிச்சம் இருப்பது வீடு. பேட்டரியைக் கடையில் நேரில் வாங்கி, வீட்டு வாசலில் நானே பூட்டுவது. காசு மிச்சம் என்று இதைச் சொல்லவில்லை, மிச்சமாகும் காசு சொற்பம். ஹிமாலயன் மாதிரி வண்டியை நாம் எதற்கு வாங்குகிறோம்? கடை இல்லாத இடத்துக்குப் போகத்தான். இமாச்சலத்து ஸ்பிதியிலோ, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவிலோ, அவ்வளவு தூரம் வேண்டாம், பழவேற்காட்டுக் கரையிலேயே கூட, பேட்டரி எங்கே இருக்கிறது, எந்த போல்ட் முதலில், ஒயர் எந்தப் பக்கம் வளைகிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டெர்மினலைத் தேடி டூல் கிட்டைக் கொட்டிக்கொண்டு அன்றைக்கு நான் நின்றபோது, அந்த ஏஸ் ஓட்டுநர் எனக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் வண்டியில் மீன் இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருமுறை வீட்டில் செய்து பழகியிருந்தால் அவருடைய அந்தக் கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடாத நேரமும் உண்டு. பேட்டரி பக்கவாட்டில் உப்பி, கூட்டில் இறுகிக்கொண்டிருந்தால் நெம்பி எடுக்க முயலாதீர்கள். ஆசிட் கசிந்திருந்தாலும், சார்ஜிங் வோல்ட் சரியில்லை என்றாலும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த பேட்டரி

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் முதல் ஆலை எங்கள் திருவொற்றியூரில்தான். அதனால் இந்தப் பக்கம் புல்லட்டோடு வளர்ந்த மெக்கானிக்குகள் அதிகம். அவர்களில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்ன யோசனை, "ஆசிட் பேட்டரி போடு தம்பி, டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஊத்தி ஓட்டலாம்." புல்லட்டுக்கு அவர் சொல்வது சரி. விலை குறைவு, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம், தண்ணீர் குறைந்தால் ஊற்றலாம். ஆனால் அட்வென்ச்சர் வண்டி விழுகிற வண்டி. மணலில் ஒரு தடவை சாய்ந்தாலே ஆசிட் காற்றுக்குழாய் வழியாக வழிந்து சட்டத்தையும் ஒயரையும் அரிக்கும். எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் இந்த வண்டிக்கு அது வேண்டாம்.

கம்பெனியிலிருந்து வருவது விஆர்எல்ஏ, கடையில் 'மெயின்டெனன்ஸ் ஃப்ரீ' என்றால் கொடுப்பார்கள். இதிலும் ஈயமும் ஆசிட்டும்தான். தகடுகளுக்கு நடுவில் இருக்கும் கண்ணாடி நார் மெத்தையில் ஆசிட் ஊறிப்போய் நிற்கிறது, தளும்பாது. சாய்ந்தாலும் கொட்டாது, குலுக்கலையும் நன்றாகத் தாங்கும். மூடியைத் திறக்கவே கூடாது. இதன் பகை வெயில். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய விஷயம். என் வண்டி இப்போது வேப்பமர நிழலுக்கு மாறிவிட்டது.

லித்தியம் பற்றித்தான் நண்பர்களுக்குள் அதிக வாக்குவாதம் நடந்தது. பைக்குக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நான்கு செல் கோர்த்தது. எடை ஈய பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குதான். சும்மா நின்றால் தானாக இறங்குவது மிகக் குறைவு. செல்ஃப் அடித்தால் வேகம் தெரியும். இதெல்லாம் உண்மை, பிடித்துப்போய் வாங்குபவர்களை நான் தடுக்க மாட்டேன். எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் சொல்கிறேன்.

எடை மிச்சம் இரண்டு கிலோ. என் வண்டி டேங்க் 15 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. ஆக, லித்தியம் மிச்சப்படுத்துவது மூன்று லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான எடையைத்தான். 125 கிலோ பந்தய வண்டியில் அது பெரிது, ஹிமாலயனில் கைக்குத் தெரியாது. விலையோ, நான் விசாரித்தவரை, மூன்று நான்கு மடங்கு. சார்ஜ் முழுதாக இருக்கும்போதும் பாதியாக இருக்கும்போதும் மீட்டரில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும், கடைசியில் சடாரென்று விழும். மேலே சொன்ன மல்டிமீட்டர் பரிசோதனை அதற்கு அவ்வளவாகப் பயன்படாது. சார்ஜ் 14.6 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. சல்ஃபேட் எடுக்கும் வசதியுள்ள ஈய பேட்டரி சார்ஜரை அதில் மாட்டக்கூடாது. லடாக்கில் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் காலையில் சோம்பும். விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டுச் சூடாக்கித்தான் கிளப்ப வேண்டும். கடைசியாக ஒன்று, வழியில் ஏதோ ஒரு சின்ன ஊரில் பேட்டரி போய்விட்டால் ஈய பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். லித்தியம் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு நான் கிளம்ப மாட்டேன்.

அதனால் அதே 8 ஆம்ப் அவர் விஆர்எல்ஏ. கொஞ்சம் அதிக ஆம்ப் அவர், அதே அளவு கூட்டில் உட்காருமானால் தாராளமாகப் போடலாம், வண்டிக்கு எந்தத் தொந்தரவும் வராது. குறைவானதை மட்டும் போடாதீர்கள். எக்ஸைடு, அமரான், எஸ்எஃப் சோனிக் எல்லாமே சந்தையில் இருக்கின்றன. பெயரை விடத் தயாரித்த தேதியைப் பாருங்கள் என்பேன். மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருந்தால் நல்லது. கடையிலேயே மல்டிமீட்டரை வைத்தேன். முதலில் எடுத்துக் கொடுத்தது 12.4. "அண்ணே, வேற பீஸ் இருக்கா?" என்றேன். அவர் முகம் சுளிக்கவே இல்லை. உள்ளே போய் எடுத்து வந்தது 12.78 காட்டியது.

வாசலில்

சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு செய்தேன். 10 எம்எம் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ, ரப்பர் கையுறை, ஆப்ப சோடாத் தண்ணீர். அவ்வளவுதான். கையில் காப்பு, மோதிரம், இடுப்பில் உலோகத் தாயத்து எது இருந்தாலும் கழற்றி வைத்துவிடுங்கள். பிளஸ்ஸுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

பேட்டரி இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் சீட்டுக்கு அடியில், சிலவற்றில் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். கழற்றும் ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது ரப்பர் பட்டை எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை.

முதலில் மைனஸ். அப்புறம்தான் பிளஸ். இதில் மட்டும் அவசரமே வேண்டாம். வண்டியின் சட்டம் முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றினால், ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டதும் தீப்பொறி பறக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பூட்டும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

பூட்டும்போது எல்லோருக்கும் எரிச்சல் வரும் இடம் அந்தச் சின்ன சதுர நட்டு. டெர்மினலின் பள்ளத்துக்குள் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து போல்ட்டை வைத்தால் நட்டு கீழே இறங்கிவிடும், போல்ட் அதைப் பிடிக்காது. அழுத்தினால் நழுவி இன்ஜின் பக்கம் விழுந்து தொலையும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் விரல் நகம் அளவு ஒரு துண்டை வெட்டி நட்டுக்கு அடியில் திணித்தேன். நட்டு மேலே வந்து நின்றது, போல்ட் முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. ஈயம் மென்மையானது, பலம் கொண்ட மட்டும் இறுக்க வேண்டியதில்லை. ஒயரை விரலால் ஆட்டிப் பார்த்தால் ஆடக்கூடாது, அதுதான் கணக்கு. இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசினேன். எங்கள் கடற்கரைக் காற்றுக்கு இந்தப் பூச்சு கண்டிப்பாக வேண்டும். இறுக்குவதற்கு முன்னால், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் பூசாதீர்கள்.

பூட்டுவதற்கு முதல் நாள் இரவே புது பேட்டரியைச் சார்ஜரில் போட்டிருந்தேன். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 8 ஆம்ப் அவருக்கு 0.8 ஆம்ப் போதும். கார் சார்ஜரை இதற்கு மாட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கொஞ்சம் வெளியேறலாம் என்பதால் மொட்டைமாடியில், காற்றோட்டமாக வைத்தேன். பூஜை அறைக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்.

மறுநாள் டிராக்கர், போன் சார்ஜர் இரண்டையும் நேரடி இணைப்பிலிருந்து எடுத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற மாதிரி ஒரு ரிலே (சாவியின் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஒரு ஃபியூஸ் வைத்து மாற்றினேன். டிராக்கர் வண்டி நிற்கும்போதும் வேலை செய்ய வேண்டும் என்றால், உள்ளேயே பேட்டரி உள்ள மாடல் வாங்குங்கள். மறுபடி மல்டிமீட்டரைக் கோர்த்துப் பார்த்தேன். 2 மில்லி ஆம்ப். இனி ஒரு மாதம் வண்டியை எடுக்காமல் விட்டாலும் காலையில் கிளம்பும். இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணூர் வரை ஒரு முழு ஓட்டம் போவது என்று வைத்திருக்கிறேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசையில் சிக்காத அதிகாலை நேரமாகப் பார்த்து. ஐட்லிங்கில் நின்றுகொண்டே ஃபாக் லாம்ப்பை எரிய விட்டால் சார்ஜ் ஏறுவதை விட இறங்குவதுதான் அதிகமாக இருக்கும்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், பழைய இரும்புக்கும் போடாதீர்கள். உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருக்கிறது. உடைத்து ஈயம் எடுக்கும் இடங்களில் அந்தத் தெருக் குழந்தைகளுக்குத்தான் முதல் பாதிப்பு. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. கடையில் கொடுத்தால் அது போக வேண்டிய இடத்துக்குப் போக வழி இருக்கிறது. நிமிர்ந்தபடியே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்து டி.எச். ரோட்டுக்கு எடுத்துப் போனேன். வாங்கும்போதே பில்லில் கழித்திருந்தார், கொண்டுவந்து தருகிறேன் என்று நான் சொன்ன சொல்லை நம்பி.

புது பேட்டரியின் மேல் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிறு மறுபடி பழவேற்காடு. அந்த ஏஸ் ஓட்டுநரிடம் இருந்தது வெறும் இரண்டு துண்டு ஒயர்தான். அவருக்குக் கொடுக்க, கிளிப் வைத்த நல்ல ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.